பழைய அவுட்போர்டு எஞ்சின்: எந்தக் கோளாறுக்கு விலை பேசலாம், எதைக் கண்டால் எழுந்து வந்துவிடணும்

சின்ன வள்ளத்துக்கு, ஃபைபர் போட்டுக்கு என்று, பின்பலகையில் மாட்டி ஓட்டும் பழைய அவுட்போர்டு எஞ்சின் வாங்கி வருகிறவர்கள் பட்டறையில் இறக்கி வைத்ததும் கேட்பது, "இதுக்கு எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். காசு கைமாறிய பிறகு அந்தக் கேள்விக்குப் பலன் குறைவு. விற்பவர் வீட்டு வாசலிலேயே கேட்டிருந்தால் சிலர் அந்த எஞ்சினை விட்டுவிட்டு வந்திருப்பார்கள், சிலர் அதையே நல்ல விலைக்குப் பேசி எடுத்திருப்பார்கள்.

வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே வகைதான். அவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பெருஞ்செலவு கடைசியில். 8 முதல் 15 குதிரைத்திறன் வரை உள்ள, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற, இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினை மனதில் வைத்துப் படியுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் இரண்டுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

போகும்போது பிளக் ஸ்பேனர், புது பிளக் இரண்டு, சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ், டார்ச், பெரிய ஸ்குரூ டிரைவர், பழைய துணி, நீங்களே ஆயில் கலந்த புது பெட்ரோல் கொஞ்சம், இவ்வளவும் கையில் இருக்கட்டும். கேஜ் இல்லையென்றால் பைக் மெக்கானிக்கிடம் இரவல் வாங்குங்கள். மற்றதில் எது விட்டுப்போனாலும் அது மட்டும் விட்டுப்போகக் கூடாது. பெரிய டிரம்மும் தண்ணீரும் அங்கே இருக்குமா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டிக் காட்ட விடாதீர்கள். பம்பின் ரப்பர் அப்போதே கருகிவிடும்.

## நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருக்கிறது

மூடியைக் கழற்றியதும் முதல் வேலை, சிலிண்டர் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் கடலுக்குப் போய் வந்திருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகும் என்பதை இன்றைக்கு நீங்கள் பார்க்க முடியாது. டீ குடித்துவிட்டு வருவது போதாது. மறுநாள் விடியற்காலை வருவதாகச் சொல்லி, நான் வரும்வரை கயிற்றைத் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மறுப்புச் சொன்னால் குளிரில் ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

## கயிறு இழுக்கும்போதே ஏதோ சரியில்லை

### சுத்தமாக நகரவில்லை

கியர் நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள். பல எஞ்சின்களில் கியரில் இருந்தால் கயிறு வராதபடி பூட்டு இருக்கும். அடுத்து, மேலே இருக்கும் ஸ்டார்ட்டர் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி எடுத்துவிட்டு, பிளக் இரண்டையும் கழற்றி, ஃபிளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் கோளாறு கயிற்றுச் சுருளிலும் ஸ்பிரிங்கிலும்தான், சில்லறைச் செலவு. சுற்றவில்லையென்றால் பிஸ்டனோ கிராங்க் பேரிங்கோ இறுகிப்போயிருக்கிறது. அங்கேயே விட்டுவிடுங்கள். "ஆயில் ஊத்தி ஊறவச்சா வந்துரும்" என்பார்கள். ஆயிலில் ஊறி வந்தாலும் சிலிண்டரின் உள்சுவரில் (போர்) விழுந்த கோடு போகாது.

### ரொம்ப இலகுவாக வருகிறது

கயிறு இழுக்கும்போது இரண்டு இடத்தில் திக்கென்று ஒரு பிடிப்பு கைக்குத் தெரியணும். ஒரு இடத்தில் மட்டும் பிடித்தால் ஒரு சிலிண்டர் அழுத்தம் இழந்திருக்கிறது. இங்கேதான் கேஜ் வேண்டும்.

பிளக் இரண்டையும் கழற்றுங்கள். எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப்பை உருவிவிடுங்கள். திராட்டிலை முழுசாகத் திறந்து வையுங்கள். பலர் இதை விட்டுவிட்டு, அளவு குறைவாகக் காட்டுகிறது என்று குழம்புகிறார்கள். கேஜை ஒரு சிலிண்டரில் திருகி, முள் இனி ஏறாது என்று நிற்கும்வரை நான்கைந்து முறை வேகமாகக் கயிறு இழுங்கள். எழுதி வைத்துக்கொண்டு அடுத்த சிலிண்டருக்குப் போங்கள்.

பெட்ரோலில் ஓடும் சின்ன டூ ஸ்ட்ரோக் 90 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் பேசிப் பார்க்கலாம். மண்ணெண்ணெய் எஞ்சினில் அழுத்தம் இயல்பிலேயே குறைவு, அதைப் பெட்ரோல் எஞ்சினோடு ஒப்பிடாதீர்கள். தனி அளவை விட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பத்துச் சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பதினைந்தைத் தாண்டினால் காரணம் தெரியாமல் வாங்கக் கூடாது.

குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, திரும்ப அளந்து பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறவில்லையென்றால் ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம், அல்லது பிஸ்டன் தலையில் ஓட்டை. பிளக் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் தலையில் கரி படிந்திருப்பது சாதாரணம். அரித்த மாதிரிக் குழிகளோ, பிளக் நுனியில் மினுக்கும் அலுமினியப் பொடிகளோ தெரிந்தால் அந்த எஞ்சின் ஒரு தடவை கடுமையாகச் சூடேறியிருக்கிறது.

காஸ்கெட் மாற்றுவது உள்ளூர் மெக்கானிக் வேலை. ரீபோர் (சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது), புது பிஸ்டன் என்று வந்தால் லேத் பட்டறை, உதிரி பாகம், கூலி எல்லாம் சேர்ந்து வாங்கிய விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அந்த மாடலுக்குப் பெரிய அளவு பிஸ்டன் கிடைக்கிறதா என்று கடையில் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.

### சுற்றும்போது கரகரக்கிறது

பிளக் இல்லாமல் ஃபிளைவீலை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மணலில் உரசுகிற மாதிரி கைக்குத் தெரிந்தால் கிராங்க் பேரிங்கில் துரு. ஃபிளைவீலை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் மேல் பேரிங் போய்விட்டது. எஞ்சினை முழுசாகப் பிரிக்கிற வேலை இது. எந்த விலைக்கும் வேண்டாம்.

## ஸ்டார்ட் ஆகவில்லை

விற்பவரிடம் "நேத்து வரைக்கும் ஓடுச்சு" என்ற பதில்தான் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம், அதனால் வரிசையாகப் பாருங்கள்.

முதலில் கில் சுவிட்ச் கிளிப் மாட்டியிருக்கிறதா. அப்புறம் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா. அப்புறம் பெட்ரோல் குழாயில் இருக்கும் கைப்பம்பு. அதன் மேல் உள்ள அம்பு எஞ்சின் பக்கம் பார்க்கணும். அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து அமுக்குங்கள், இறுகி நிற்கணும். அமுக்க அமுக்க இறுகவே இல்லையென்றால் எங்கோ காற்று இழுக்கிறது. ஓடும்போது சப்பென்று ஒட்டிக்கொண்டால் டேங்க் பக்கம் அடைப்பு.

இதெல்லாம் சரியென்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

### பிளக் நனைந்திருக்கிறது

பெட்ரோல் வருகிறது, கரண்ட் இல்லை என்று பொருள். புது பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உடம்பை எஞ்சின் பிளாக்கில் எர்த் ஆகும்படி வைத்துக் கயிறு இழுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், உள்ளிருந்து பீய்ச்சும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். நிழலில் வைத்துப் பார்த்தால் நீலப் பொறி தெளிவாகத் தெரியும்.

பொறி வந்தால் பழைய பிளக்தான் கோளாறு. என்ஜிகே பிளக்கில் பி7எச்எஸ்-10 என்று இருந்தால் கடைசி 10 என்பது இடைவெளி 1.0 மி.மீ. என்பதைக் குறிக்கும். பைக் பிளக் மாட்டி ஓட்டியிருப்பதும் உண்டு, எண்ணைப் பாருங்கள். பொறி வரவில்லையென்றால் கில் சுவிட்ச் ஒயரை இணைப்பில் கழற்றிவிட்டுத் திரும்ப இழுங்கள். இப்போது வந்தால் சுவிட்ச் மட்டும் மாற்றினால் போதும். அப்போதும் இல்லையென்றால் இக்னிஷன் காயில், ஃபிளைவீலுக்குக் கீழே இருக்கும் காயில்கள், பொறியை நேரம் பார்த்து அனுப்பும் சிடிஐ பெட்டி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். மீட்டர் வைத்து அளக்கத் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடும் இடம் இதுதான். ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிப் பார்க்கிற பழக்கம் காசைக் கரைக்கும்.

### பிளக் காய்ந்திருக்கிறது

பெட்ரோல் உள்ளே போகவில்லை. டேங்கில் இருப்பதைக் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் மாதக்கணக்கில் நின்ற டேங்கில் அடியில் தனி அடுக்காகத் தண்ணீர் தெரியும். பழைய ரப்பர் குழாயையும் அது உள்ளுக்குள் உரித்துவிடும், அந்தத் துணுக்குகள் போய் ஜெட்டை அடைக்கும். உங்கள் பெட்ரோலை ஊற்றி, ஃபில்டரைத் துடைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்துவிட்டுப் பாருங்கள். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது அரை நாள் வேலை. இதற்காக நல்ல எஞ்சினை விடாதீர்கள்.

மண்ணெண்ணெய் எஞ்சினில் இன்னொன்று. ஸ்டார்ட் செய்வது பெட்ரோலில். சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றணும். நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெட்ரோலுக்கு வரணும். கரையேறுகிற அவசரத்தில் கடைசியை யாரும் செய்வதில்லை. கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றுவிட்டால் மறுநாள் என்ன இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. கிண்ணத்தைக் காலி செய்து பெட்ரோல் விட்டால் ஆகிவிடும்.

## தண்ணீர் பீய்ச்சவில்லை, அல்லது எஞ்சின் சூடாகிறது

பட்டறைக்கு வரும் எஞ்சின்களைக் கொன்றது பெரும்பாலும் இந்தக் கோளாறுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பின்பக்கம் உள்ள சின்னத் துளையிலிருந்து தண்ணீர் ஒரே சீராகப் பீய்ச்சணும். டிரம்மில் ஓட்டும்போது புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டு முழுகும் அளவு தண்ணீர் இருக்கட்டும், நியூட்ரலில் மட்டும் ஓட்டுங்கள். ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

அந்தத் துளையே அடைத்திருக்கலாம். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கிழியும். கொஞ்சம் தடித்த தங்கூஸ் (நைலான்) நரம்பை விட்டு முன்னும் பின்னும் இழுங்கள். உப்புக் கட்டியோ மணலோ வந்து விழுந்தால் வேலை முடிந்தது.

அடுத்து, கியர் பெட்டியின் பக்கவாட்டில் தண்ணீர் இழுக்கும் சல்லடை. வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில் ஓடிய எஞ்சின் என்றால் அங்கே தாழையும் (கடல்புல்) பாசியும் சேறும் அப்பியிருக்கும். பிளாஸ்டிக் பைத் துண்டும் சில நேரம் இருக்கும்.

இரண்டும் சரியாக இருந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் பம்பு இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுற்றும் ரப்பர் இதழ்ச் சக்கரம். அதை மாற்றக் கியர் பெட்டியை இறக்கணும். போல்ட்டுகள் உப்பில் இறுகி உடையாமல் இருந்தால் ஒரு மணி நேர வேலை, ரப்பரின் விலையும் பெரிதில்லை. ஆனால் இம்பெல்லரை வெளியே எடுத்ததும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு மேலே தண்ணீர் வழியில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுக் கடலுக்குப் போனால் சிலிண்டரின் ஒரு பக்கம் மட்டும் வறண்டு சூடேறும். பம்பின் உள்சுவரையும் அடித்தட்டையும் விரலால் தடவுங்கள். நகத்தில் இடறும் அளவு வரி விழுந்திருந்தால் அதுவும் மாற்றணும். அலையில் மணலோடு ஏறி இறங்கும் கரைகளில் ஓடிய எஞ்சினில் இது பெரும்பாலும் இருக்கும்.

இப்போது தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது, ஆனாலும் சூடேறுகிறது என்று வையுங்கள். பீய்ச்சும் தண்ணீர் பம்பு வேலை செய்வதற்குத்தான் சாட்சி. தலை முழுக்கத் தண்ணீர் சுற்றுகிறதா என்பதற்குச் சாட்சியாகாது. பத்து நிமிடம் ஓடிய பிறகு சிலிண்டர் தலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஓடி வழிந்தால் சரி. சுர்ரென்று ஆவியானால் உள்ளே வழி அடைத்திருக்கிறது. மேல் சிலிண்டர், கீழ்ச் சிலிண்டர் இரண்டு இடத்திலும் விட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் ஆவியாகிற எஞ்சின்களைப் பார்த்திருக்கிறேன், அடைப்பு அந்தப் பக்கம்தான் இருக்கும்.

சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தால் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்க்கலாம், திறக்கவில்லையென்றால் புதிது மாட்டலாம். நம் கரையில் பலர் அதைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். எஞ்சின் ஓடும்தான். ஆனால் சரியான சூட்டுக்கு வராது, மண்ணெண்ணெயில் ஓடினால் கரி சீக்கிரம் படியும். அது இல்லையென்றால் விலையில் குறைத்துக் கேளுங்கள்.

தெர்மோஸ்டாட்டும் சரியாக இருந்து சூடேறினால், சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிகளில் உப்பு இறுகியிருக்கிறது. தலையையும் எக்ஸாஸ்ட் மூடியையும் கழற்றிச் சுரண்டணும். உப்பில் அரித்த போல்ட்டுகள் ஒன்றிரண்டு உடையும், துளை போட்டு மரை வெட்டணும். இது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. கம்ப்ரஷன் நன்றாக இருக்கும் எஞ்சின் என்றால் மட்டும் இந்தச் செலவுக்குத் தகும்.

பிளக்குகளையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பழுப்பாகவும் இன்னொன்று கழுவித் துடைத்த மாதிரி வெள்ளையாகவும் இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

## கியர் ஆயில் பால் மாதிரி இருக்கிறது

கியர் பெட்டியின் அடித் திருகைத் திறப்பதற்கு முன் எஞ்சின் ஓரிரவு செங்குத்தாக நிற்கட்டும். மெதுவாகத் திறந்தால், முதலில் தண்ணீர் சொட்டிப் பிறகு ஆயில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளையாக, மோர் நிறத்தில் வந்தாலும் அதே கதை.

ஆயில் தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். நேற்றுத்தான் மாற்றியிருப்பார்கள். கடலில் அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு வந்து, சற்று நேரம் நிற்க விட்டு, திரும்பத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

காரணம் பெரும்பாலும் திருகின் அடியில் உள்ள வாசர். புதிது போட்டு, ஆயில் நிரப்பி, திரும்பச் சோதியுங்கள். நிரப்பும்போது அடித் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழிந்த பிறகு முதலில் மேல் திருகை மூடணும். அடுத்த சந்தேகம் புரொப்பல்லர் தண்டின் சீல். புரொப்பல்லரைக் கழற்றினால் தண்டைச் சுற்றி அறுந்த தங்கூஸ் வலை நூல் கயிறு போல இறுகிக் கிடப்பது நம் கரையில் சர்வ சாதாரணம். அந்த நூல்தான் சீலை அறுக்கிறது. நூலை வெட்டி எடுத்துவிட்டு, தண்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவுங்கள். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது.

அடித் திருகின் காந்தத்தில் மாவு போல ஒட்டும் பொடி சாதாரணம். நகத்தால் எடுக்கும் அளவு சில்லுகள் இருந்தால் கியர் பல் உடைந்திருக்கிறது. கியரும் பேரிங்கும் புதிதாகப் போடுவதற்கு ஆகும் தொகைக்கு இன்னொரு பழைய எஞ்சினே பார்த்துக்கொள்ளலாம். மன்னார் வளைகுடாவில், பார் (கடலடிப் பாறை) மேல் ஓடிய எஞ்சினில் கீழ்த்துடுப்பு உடைந்து வெல்டு வைத்திருப்பார்கள். வெல்டு இருந்தால் கியர் பெட்டியை இன்னும் கவனமாகப் பாருங்கள். காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு வாங்குவது நல்லது.

## கியர் விழுகிறது, போட் நகரவில்லை

சின்ன எஞ்சின் சிலவற்றில் புரொப்பல்லரை ஒரு முள் பிடித்திருக்கும், அது முறிந்திருக்கலாம். மற்றவற்றில் நடுவே ரப்பர் புஷ் இருக்கும். சந்தேகம் என்றால் நடுத்தண்டிலிருந்து வெளிவட்டம் வரை மார்க்கரால் ஒரே கோடு போட்டுவிட்டு, கடலில் முழு வேகம் கொடுத்துப் பாருங்கள். வந்து பார்க்கும்போது கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் புஷ் வழுக்குகிறது. புரொப்பல்லர் மாற்றினால் சரி.

ஓடும்போது கட்டென்று தட்டிக் கியர் தானாகக் கழன்றால், முதலில் லிவர் இணைப்பைச் சரிசெய்து பார்க்கணும். அப்படியும் கழன்றால் உள்ளே கியரைப் பிடிக்கும் பற்கள் மழுங்கியிருக்கின்றன. பெட்டியைப் பிரிக்காமல் தீராது. அலை முறியும் இடத்தில் கியர் கழன்றால் போட் குறுக்கே திரும்பிவிடும். அதனால் விலை எவ்வளவு குறைத்தாலும் இதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

## எஞ்சின் கத்துகிறது, வேகம் இல்லை

முதலில் உயரம். எஞ்சின் தண்டு குட்டை என்றால் 15 அங்குலம், நீளம் என்றால் 20 அங்குலம். உங்கள் போட்டின் பின்பலகையை அளந்துகொண்டு போங்கள். புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டு போட்டின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் கீழேயோ இருக்கணும். மேலே இருந்தால் காற்றை இழுத்துக் கத்தும். உயரம் சரியென்றால் மேலே சொன்ன புஷ்ஷைப் பாருங்கள்.

## கத்தவும் இல்லை, வேகமும் இல்லை

திராட்டில் கேபிள் கார்புரேட்டரை முழுசாகத் திறக்கிறதா என்று எஞ்சின் நிற்கும்போதே கண்ணால் பாருங்கள். போட்டின் அடியில் கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் சிப்பி போன்ற உயிரி) படிந்திருந்தாலும் இழுக்காது, அதற்கு எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் இல்லையென்றால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் தொப்பியைக் கழற்றி, அதில் பழைய பிளக் ஒன்றை மாட்டி பிளாக்கில் எர்த் ஆகும்படி கட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எர்த் இல்லாமல் தொப்பியை அந்தரத்தில் விட்டால் சிடிஐ போய்விடும். ஒவ்வொரு சிலிண்டராக இப்படிப் பாருங்கள். எதைக் கழற்றினால் சத்தத்தில் மாற்றம் தெரியவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். பிறகு கரண்ட், பெட்ரோல், கம்ப்ரஷன் என்று மேலே உள்ள வரிசையில் போங்கள்.

மண்ணெண்ணெயில் பல வருடம் ஓடியதில் எக்ஸாஸ்ட் துவாரங்களில் கரி அடைத்தும் இழுவை குறையும். தலையைக் கழற்றிக் கரி எடுத்தால் திரும்ப வந்துவிடும்.

## புகை

குளிரில் ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வருவது டூ ஸ்ட்ரோக்கின் இயல்பு. சூடான பிறகும் மூட்டம் போட்டால் ஆயில் அதிகம், அல்லது தவறான ஆயில். பைக்குக்கு விற்கும் டூ-டி ஆயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டிருக்கணும். புகையே இல்லாத டூ ஸ்ட்ரோக்கைத்தான் கூடுதலாகச் சந்தேகப்படணும். ஆயில் மிச்சம் பிடித்து ஓட்டியிருக்கிறார்கள். கம்ப்ரஷனை இன்னொரு முறை அளந்து பாருங்கள். சூடான பிறகும் வெள்ளையாக ஆவி வந்தால் உள்ளே தண்ணீர்.

## புது பெயிண்ட் பளபளக்கிறது

பெயிண்ட் அடிப்பது தப்பில்லை. எதை மறைக்கிறது என்றுதான் பார்க்கணும். கியர் பெட்டியின் மூலைகளில் பெயிண்ட் கொப்பளித்திருந்தால் அடியில் உப்பு அரிப்பு. அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ள மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டியின் மேலும் பெயிண்ட் பூசியிருந்தால் அது வேலை செய்யாது, அரிப்பு அலுமினியத்துக்குத் திரும்பிவிடும். பாதி கரைந்த கட்டியை மாற்றுவது சில்லறைச் செலவு. கட்டியே இல்லாமல் ஓட்டிய எஞ்சினைக் கிளாம்ப், திருப்பும் குழாய் உட்பட எல்லா இடத்திலும் விரிசலுக்குத் தேடுங்கள்.

கடலில் முழுகிய எஞ்சினா என்பது இதைவிடப் பெரிய கேள்வி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, வேதாரண்யம் பக்கம் படகுகள் எஞ்சினோடு புரண்டு போயின. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் அப்படி முழுகியவை கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும். முழுகியதும் சில மணி நேரத்தில் நல்ல தண்ணீரில் அலசி, உள்ளே ஆயில் விட்டு ஓட்டியிருந்தால் பிழைத்திருக்கும். நாள் கணக்கில் கிடந்திருந்தால் பிழைக்காது. ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி ஃபிளைவீலின் அடியில் டார்ச் அடியுங்கள். துரு, உப்புப் பொருக்கு தெரிகிறதா? ஒயர் இணைப்புகளைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே பச்சை அல்லது வெள்ளைப் பொடி இருக்கிறதா? கார்புரேட்டருக்குப் பின்னால், கை எட்டாத மூலையில் நைசான மணல் தங்கியிருக்கிறதா? மூடியின் உள்பக்கம் மட்டும் கழுவிப் பளிச்சென்று இருந்து, இந்த இடங்களில் மணல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

## எண் இல்லை

கிளாம்ப் பக்கத்தில் எஞ்சின் எண் தகடு இருக்கும், பல மாடல்களில் பிளாக்கிலும் எண் இருக்கும். தகடு பெயர்த்திருந்தால், ரிவெட் மாற்றியிருந்தால், இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லையென்றால் பேச்சை நிறுத்துங்கள். பழைய பில், படகின் மீன்வளத் துறைப் பதிவுச் சான்று இவற்றில் எஞ்சின் விவரம் இருந்தால் ஒத்துப் பாருங்கள். மானியத்தில் வாங்கிய எஞ்சின் என்றால் விற்க அனுமதி உண்டா என்று துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். திருடுபோனது இன்னொரு மீனவரின் எஞ்சின், அவர் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது.

## எல்லாம் சரியாக இருக்கிறது

அப்படியென்றால் கடலில் ஓட்டிப் பாருங்கள், உங்கள் வலை அளவுக்குப் பாரத்தோடு. விற்பவரும் கூட வரட்டும். துடுப்பு, நங்கூரம், லைஃப் ஜாக்கெட் இருக்கட்டும், பக்கத்தில் இன்னொரு போட் வந்தால் நல்லது. முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, அங்கேயே திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் கரையில் இருக்கும்போது தன் குணத்தைக் காட்டாது. காட்டினால் காயில் அல்லது ரிங் என்று சந்தேகப்பட்டு, பணம் கொடுக்கும் முன் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

வாங்கி வந்த அன்றே, முன்பு எப்போது மாற்றினார்கள் என்று கேட்காமல் இம்பெல்லர், இரண்டு பிளக், கியர் ஆயில், திருகு வாசர், பெட்ரோல் குழாய் எல்லாம் புதிது போடுங்கள். பேரம் பேசும்போதே இந்தச் செலவைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். பழைய இம்பெல்லர் நன்றாக இருந்தால் எறியாதீர்கள். ஒரு டப்பாவில் பிளக் ஸ்பேனரோடு போட்டு அமரத்தில் (போட்டின் பின்பக்கம்) வையுங்கள்.